துண்டுக்குள் இறங்கிய ஏரோப்ளேன்

1

இந்த வருஷத் தைப்பூச ஊர்வலம் எங்கள் தெருமுனையில் திரும்பும்போது, அக்கா மகள் சரசு என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தினாள்: "மாமா, அங்க பாரு, மயிலை லெம்பு!"

லெம்பு என்றால் மலாய் மொழியில் மாடு. மயிலை என்றால் என்ன என்று காளப்பநாயக்கன்பட்டிக்காரனுக்கு நான் விளக்கினால் செருப்பைக் கழற்றுவான். ஆனால் மெட்ராஸ்காரர்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்களாம். ஐயா மெட்ராஸ்காரரே, இந்த மயிலை உங்கள் கோயிலும் குளமும் இல்லை. மாட்டு நிறம். சாம்பல் ஓடிய வெள்ளை. அவ்வளவுதான்.

பினாங்கில் பிறந்து பினாங்கில் வளர்கிற பிள்ளை சரசு. அவள் கத்தியதில் பாதி எங்கள் மலையடிவாரம், பாதி இந்தத் தீவு. அக்கா அதைக் கேட்டுவிட்டு, தேங்காய் உடைக்க ஓங்கிய கையை அப்படியே நிறுத்திச் சிரித்தாள். போன வருஷம் இதே பூசத்துக்கு முன்னால் இந்தப் பிள்ளைக்கு மயிலையும் தெரியாது, செம்பழுப்புச் செவலையும் தெரியாது. அதனால் என் ஏரோப்ளேனுக்கு வந்த கதியையும், அந்த ஏரோப்ளேனால் எனக்கு வந்த கதியையும் சொல்லத்தான் இதை அடிக்கிறேன்.

அடிக்கிறேன் என்றால் நிஜமாகவே அடிக்கிறேன். அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனியில் ஒரு தமிழ் டைப்ரைட்டர் இருக்கிறது. அவர் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வாய் கொப்பளித்துத் திரும்பி வருவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஒற்று விட்டுப்போயிருந்தால் மெஷினைத் திட்டுங்கள். நான் பி.ஏ.

2

நம் பக்கத்தில் பல பேருக்கு நினைவிருக்கும். நான் திருச்சி காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது, கொல்லிமலை மேலே செம்மேட்டுப் பக்கம் ஒரு ஏரோப்ளேன் இறங்கியது. சந்தை நாள். மேகத்துக்குள் வழி தவறிப்போன வெள்ளைக்காரர் ஒருவர், அறுப்பு முடிந்து கிடந்த சாமைக் காட்டில் கொண்டுவந்து போட்டார். கீழ் றெக்கையில் கல் குத்திக் கிழிந்தது. எஞ்சினும் மக்கர். சில நாள் அங்கேயே நின்று, கிழிசலைத் தைத்து, எஞ்சினைச் சரி பண்ணி, அந்தக் காட்டிலிருந்தே ஏறிப் பறந்து போய்விட்டார்.

அந்தச் சில நாளும் நான் எங்கே இருந்தேன்? பரீட்சை ஹாலில்.

லீவுக்கு ஊர் வந்தால், கைக்குழந்தையிலிருந்து கோல் ஊன்றுகிறவர் வரைக்கும் எல்லாரும் மலையேறிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். என் சிநேகிதன் காளியண்ணன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பாரத்தைத் தாண்டாதவன். அவன் என் தோளில் கை போட்டு விசாரித்தான்.

"பாக்கலியாடா நீ?"

"இல்லடா."

"அட கெரகமே! பி.ஏ. எங்கியும் போவாதுடா. ஏரோப்ளேனு போயிருச்சேடா."

அதற்கப்புறம் எப்போது பார்த்தாலும் இதே. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது எதிர்வரிசையிலிருந்து சத்தமாக, "இவன்தானுங்க அந்த ஏரோப்ளேனைப் பாக்காத பி.ஏ." என்பான். கப்பல் ஏற நாகப்பட்டினம் கிளம்பிய அன்றைக்கும், சேந்தமங்கலத்தில் பஸ் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "போற வழியில எதாச்சும் எறங்குனா முழிச்சுட்டு இருடா" என்றுதான் வழியனுப்பினான்.

சரிதான் போடா என்று வந்தேன். ஆனால் உள்ளே அது குத்திக்கொண்டேதான் இருந்தது.

3

பினாங்கில் மச்சான் தன் கம்பெனியிலேயே எனக்குக் கிராணி வேலை வாங்கிக் கொடுத்தார். கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. ரப்பர் மூட்டை வந்தது, ரப்பர் மூட்டை போனது என்று எழுதுகிற வேலை. வந்ததற்கும் போனதற்கும் நடுவில் கொட்டாவி.

தீவின் தெற்கே ஏரோப்ளேன் மைதானம். அங்கே பணக்காரர்கள் சேர்ந்து பறக்கப் பழகும் கிளப் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் வேலிக்கு வெளியே நிற்பேன். ரிப்பேர் ஷெட்டின் தலைவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். எல்லாருக்கும் அவர் ஷெட் துரை. கை எப்போதும் கறுப்பு, வாய் எப்போதும் விசில். ஒருநாள் வேலிக்கு வெளியே நிற்கும் எங்களையெல்லாம் பார்த்து ஒரு அறிவிப்பை ஆணியடித்தார். ஷெட்டில் வேலை பழக ஓர் ஆள் வேண்டும். வேண்டுகிறவன், நிஜத்தில் பறந்த ஏதாவது ஒரு பழைய ஏரோப்ளேனின் மாதிரியைக் கால் பங்கு அளவில் கட்டிக்கொண்டு கிளப் கண்காட்சிக்கு வரட்டும்.

"ரகத்தைச் செய்யாதே" என்று நேரிலும் சொன்னார். "அந்த ஒரு ஏரோப்ளேனை, ஓர் ஆளைப்போலச் செய். அதன் தழும்போடு செய். ஒவ்வொன்றுக்கும் நான் கேட்பேன், உனக்கு எப்படித் தெரியும் என்று."

மற்றவர்கள் இந்த மைதானத்துக்கு வந்து போன ஏரோப்ளேன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். லிம் என்கிற சீனப் பையன் என் வயசுக்காரன், அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவனிடம் இரும்புப் பெட்டி நிறையப் போட்டோ. நான் என்ன எடுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். நான் பார்க்காத ஏரோப்ளேன். போட்டோ கிடையாது. எங்கள் மலையில் இறங்கியது. வேறு எதையும் கட்ட எனக்குக் கை வராது.

மச்சானுக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் மாப்ள, பி.ஏ. படிச்சுட்டு எண்ணெத் துணி தொவைக்கப் போறியா? ஊர்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஏரோப்ளேன் டிபார்ட்மென்ட்டுன்னு சொல்லுங்க."

"தொவைக்கிறது துணிதான?"

அக்காவின் ஆட்சேபணை வேறு மாதிரி. மாத் என்கிற ரகம் அது என்று அப்போதே பேப்பரில் வந்திருந்தது, விட்டில் என்று அர்த்தம். றெக்கை நுனிக்கு நுனி முப்பது அடி. கால் பங்கு என்றால் எத்தனை? கணக்குப் போட்டுச் சொன்னதும் அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏழரையா? ஊட்டுக்குள்ள ஏழரை அடியா? டேய் ராசு, ஏழு பண்ணு, இல்ல எட்டு பண்ணு. ஏழரையைக் கொண்டாந்து என் ஊட்டு நடுவுல உக்கார வெக்காதே."

"அக்கா, அளவு."

"அளவாம் அளவு. சனியனுக்கு அளவு."

ஏழரையேதான் கட்டினேன். ரப்பர் பெட்டிப் பலகையைச் சீவி உடம்பு, பிரம்பை வளைத்து றெக்கை, மச்சானின் பழைய மல் வேட்டியைக் கஞ்சி போட்டு இழுத்துத் தோல். நடு ஹாலில் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கியது. அக்கா அதைத் தாண்டும்போதெல்லாம் குனிந்தாள். குனியும்போதெல்லாம் என்னைத் திட்டினாள்.

4

ஷெட்டுக்குள் போய் நிஜமான மாத் ஒன்றைத் தொட்டு அளவெடுக்க வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு கொடுக்கும் ஆபீஸில் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தவன் நிமிராமலே கேட்டான்.

"ஊர்?"

"கொல்லி ஹில்ஸ்."

எழுதினான். எட்டிப் பார்த்தேன். கூலி ஹில்ஸ்.

"கூலி இல்லை. கொல்லி."

"அதுதானே எழுதியிருக்கிறேன்."

"எழுத்து தப்பு."

அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். என் முகத்துக்கு அவன் எழுதியதே சரி என்று முடிவு கட்டினவன்போல முத்திரையைக் குத்தினான். இந்தத் தேசத்தில் தமிழன் இறங்கின துறைமுகத்திலேயே அந்த வார்த்தை நமக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருக்கும். சண்டை போட்டிருப்பேன். பின்னால் வரிசை நீளமாக நின்றது, சீட்டு எனக்கு அவசரம். கூலி ஹில்ஸ்காரனாகவே ஷெட்டுக்குள் நுழைந்து அளவெடுத்துக்கொண்டு வந்தேன்.

ரகத்தின் அளவு கிடைத்துவிட்டது. இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றிலிருந்து படமும் கிடைத்தது. ஆனால் ஆள்? செம்மேட்டில் இறங்கிய அந்த ஒற்றை ஏரோப்ளேனின் நிறம் என்ன, தையல் எந்தப் பக்கம்? ஊருக்கு எழுதினேன். நான் கேட்டது, றெக்கை கிழிந்தது வலப்பக்கமா இடப்பக்கமா. அப்பாவிடமிருந்து வந்த பதில், பக்கத்து ஊரில் ஒரு பெண் இருக்கிறாள், குடும்பம் நல்ல குடும்பம். காளியண்ணன் பதில் இன்னும் சுருக்கம்: "வந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

5

பூசத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் தெருவில் ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க, இங்க நம்மூர்க்காரங்க ஊடு எதுங்க?"

அந்த 'ஏனுங்க'வைக் கேட்டதும் அக்கா, அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். வந்தவர் மாரப்பண்ணன். எங்கள் பக்கத்தில் மாட்டுத் தரகர். இங்கே பால்காரர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் வாங்கிய மாடுகளைக் கப்பலில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வந்திருந்தார். மாடெல்லாம் சௌக்கியம், தான்தான் வழி முழுக்க வாந்தி என்றார்.

சாப்பிட உட்காருமுன் தொங்கிய என் ஏரோப்ளேனைப் பார்த்தார். பார்த்த பார்வை மாட்டைப் பார்க்கிற பார்வை. ஒருதரம் சுற்றி வந்தார். முதுகில் தட்டினார். வாலைத் தூக்கினார். மூக்குக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"இன்னும் பல்லு போடல."

"சுத்தற விசிறியை இனிமேத்தாங்ணா மாட்டணும்."

"செம்மேட்டுல எறங்குச்சே, அதாட்டவே இருக்குது கண்ணு. ஆனா அது இல்ல."

என் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டேன்.

"நீங்க பாத்தீங்களாங்ணா?"

"பாத்தனாவா? சந்தைக்கு மாடு புடிக்கப் போனவன் நான். அது கெளம்பறப்ப வாலைப் புடிச்சதே நானுங் சாமி."

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார். றெக்கை இங்கிருந்து அந்தத் தென்னை வரைக்கும். றெக்கையே ஏழெட்டு இருக்கும். உள்ளே பத்துப் பேர் உட்காரலாம். நெருப்பாய் மூச்சு விட்டது. மச்சான் தட்டில் கையை வைத்துக்கொண்டே சிரித்தார்.

"மாப்ள, இவர் சொல்றதை வெச்சுக் கட்டினா பினாங்கு பத்தாது. சுமத்ராவுல ஒரு றெக்கை ஊனிக்க."

எனக்கு அழுகை வராத குறை. பார்த்த ஒரே ஆள் கடல் தாண்டி என் வீட்டுக்கே வந்திருக்கிறார். வந்தவர் தரகர். நம்மூர்ச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகர் வாயால் பேசுவது சந்தைக்காக. கூட்டத்துக்கு, வேடிக்கைக்கு, எதிராளியை அசைக்க. நிஜமான விலையை வாயால் சொல்லவே மாட்டார். வாங்குகிறவன் கையையும் தன் கையையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துச் சொல்வார். ஒரு விரலுக்கு ஒன்று, இரண்டு விரலுக்கு இரண்டு. சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது. துண்டுக்குள் பொய் சொன்ன தரகரை அதற்கப்புறம் எந்தச் சந்தையிலும் ஒருத்தன் கூப்பிட மாட்டான்.

எப்படித் தோன்றியதோ. எழுந்து போய் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். என் வலதுகையை அவர் வலதுகையோடு வைத்து மேலே போட்டு மூடினேன்.

"என்னடா கண்ணு, மாடா வாங்கற?"

"ஏரோப்ளேனுங்ணா. றெக்கை எத்தனை சோடி?"

அவர் முகம் மாறியது. வாய் மூடிக்கொண்டது. கண் எங்கேயோ போய் நின்றது, சாமைக் காட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். துண்டுக்குள் என் இரண்டு விரலைப் பிடித்தார்.

இரண்டு சோடி. சரி.

"ஆளு?"

ஒன்று.

"றெக்கைக்கும் றெக்கைக்கும் நடுவுல, ஒரு பக்கத்துக்குக் கம்பு எத்தனை?"

இரண்டு. அதுவும் சரி. அக்கா, மச்சான், சரசு மூன்று பேரும் சோற்றை மறந்து துண்டையே பார்த்தார்கள். கிழிசல் எந்தப் பக்கம் என்றேன். என் இடதுகைப் பக்கமாக இழுத்தார். எவ்வளவு நீளம்? மூன்று சாண். எப்படித் தைத்தது? அதற்கு மட்டும் வாயைத் திறந்தார்.

"மொளகு மூட்டை தைக்கற கோணி ஊசி. கடையில வாங்கித் தொரையே தெச்சாரு. பூரானாட்ட இருந்துச்சு."

"ஏறுபூரானா, எறங்குபூரானா?"

மாட்டின் முதுகில் பூரான்போல மயிர் ஓடும் சுழி அது. தலையைப் பார்த்து ஏறினால் வாங்கின வீட்டுக்கு லட்சுமி, வாலைப் பார்த்து இறங்கினால் யாரும் தொட மாட்டான். மாரப்பண்ணன் என் உள்ளங்கையில், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரு கோடு இழுத்தார்.

ஏறுபூரான். கிழிசல் பின்னாலிருந்து முன்னால். காளியண்ணா, நீ பார்த்தாயடா, ஆனால் இது உனக்குத் தெரியுமா?

"நெறம்?"

"மயிலை. மூஞ்சி மட்டுஞ் செவலை."

அப்புறம் அவரே தொங்கும் ஏரோப்ளேனைக் காட்டினார். "திமிலு சரியாத்தான் வெச்சிருக்கற." மேல் றெக்கை நடுவில் இருக்கும் பெட்ரோல் தொட்டியைச் சொன்னார். "ஆனா இது என்ன, காம்பு நாலுங் கீழ தொங்குது?"

எஞ்சினின் நாலு சிலிண்டர்கள். எனக்குக் கிடைத்த படத்தில் கீழே பார்த்துத்தான் தொங்கின. அதைப் பார்த்து ஒரு மாசம் மெனக்கெட்டு மூக்கைச் செய்து முடித்திருந்தேன்.

"படத்துல அப்படித்தாங்ணா."

"நான் பாத்ததுல நாலு காம்பும் ஒசக்கப் பாத்துட்டு நின்னுச்சு. அப்பவே தொரைகிட்டச் சொன்னேன், இது கறவைக்கு ஆகாதுன்னு."

மச்சான் இருமிக்கொண்டே தண்ணீர் குடித்தார். நான் சிரிக்கவில்லை. மறுபடி துண்டைப் போட்டேன். மேலேயா, கீழேயா? என் சுட்டுவிரலைப் பிடித்து நேராக மேலே நிமிர்த்தினார். பிடி கொஞ்சமும் தளரவில்லை.

பழைய மாத்தில் சிலிண்டர்கள் மேலே பார்க்கும், பிந்தியதில்தான் கீழே. அது ஷெட்டிலேயே நான் கேட்டிருந்தது. எங்கள் மலையில் இறங்கியது பழசா, புதுசா என்றுதான் தெரியாமல் இருந்தது. படம் புதுசின் படம். எங்கள் மலையில் இறங்கியது பழசு.

கடைசியாகத் துண்டை எடுக்கப் போனேன். அவர் விடவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இன்னொண்ணு. யாருகிட்டயுஞ் சொன்னதில்ல. கெளம்பறப்ப வாலைப் புடிங்க, கை காட்டுனா உடுங்கன்னாரு. கை காட்டுனாரு. அது நவுரல. காளை நவுரலைன்னா நாம என்ன பண்ணுவோம்?"

"வாலை முறுக்குவோம்."

"முறுக்குனேன்."

துண்டுக்குள் என் கையை இடப்பக்கமாக ஒரு முறுக்கு முறுக்கினார். வலித்தது. "ஓரம் மடங்கிருச்சு. தொரை என்னமோ கத்துனாரு. அதுக்குள்ள அது போயிருச்சு."

6

மாரப்பண்ணன் போனதும் மச்சான் சொன்னார்: "மூக்கை அப்படியே விடு. காட்சிக்கு நாள் இல்ல. அங்க வர்றவன் எவனுக்கு மாப்ள தெரியப் போவுது?"

அவர் சொன்னது நியாயம். படம் என் பக்கம் இருந்தது. 'எப்படித் தெரியும்' என்று துரை கேட்டால் அச்சடித்த படத்தை நீட்டலாம். மூக்கை உடைத்தால் நீட்டுவதற்கு என்னிடம் ஒரு தரகரின் விரல்தான் இருக்கும். வேலை கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. விட்டால் ரப்பர் மூட்டை, ஆயுசுக்கும்.

விடிந்ததும் உளியை எடுத்து மூக்கை உடைத்தேன். செம்மேட்டில் அது இல்லை என்றால் என் ஹாலிலும் அது இருக்கக் கூடாது. பெரிய தியாகமெல்லாம் இல்லை. பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பார்க்கச் சகிக்கவில்லை.

மூக்கு வேலை நெருக்கியதால் சாயத்தைச் சரசுவிடம் ஒப்படைத்தேன். "சீனன் கடைக்குப் போ. அம்மாகிட்டக் காசு வாங்கிக்க. மயிலை நிறம் வாங்கிட்டு வந்து மேல் றெக்கைக்கு ஒரு பூச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனேன். சாயந்தரம் வந்தால், ஹால் நடுவில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு றெக்கை பளபளக்கிறது. நீலமென்றால் அப்படி ஒரு நீலம்.

"மயிலுதானே மாமா?" என்றாள் சரசு. முகமெல்லாம் நீலம். பெருமை வேறு. "கடைக்காரருக்கு மெராக்னு சொல்லிக் காட்டினேன்." மெராக் என்றால் மலாயில் மயில்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அக்கா எனக்கு மேல்.

"மயிலைன்னா என்னன்னு தெரியாத புள்ளைய நம்ம ஊட்டுல பெத்து வெச்சிருக்கறனே! இவ பாட்டனுக்குத் தெரிஞ்சா என்னாகும்?"

"யாருமே காட்டலியேம்மா" என்றாள் சரசு.

பினாங்கில் ஒரு பிள்ளை எங்கே போய் மயிலையைப் பார்க்கும்? மறுநாள் மாரப்பண்ணன் அவளைத் துறைமுகத்து மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மயிலை, செவலை, காரி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். திரும்பி வந்து அவளே சுரண்டுகத்தியை எடுத்து நீலத்தைச் சுரண்டினாள். முழுசாகப் போகவில்லை. மேலே வெள்ளிப் பூச்சு அடித்தும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு நீலம் தெரிந்தது. நல்ல மயிலைக்கும் அப்படித்தான் தெரியும் என்று மாரப்பண்ணன் சொன்னார். இதை அவர் வாயால் சொன்னார். அதனால் நான் நம்பவில்லை.

7

பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. ஏழரை அடி வாசலில் எப்படி வெளியே வரும் என்று அக்கா காத்திருந்தாள். மாத்துக்கு றெக்கை பின்னால் மடங்கும், கோழி றெக்கையை ஒடுக்குகிற மாதிரி. மடக்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பக்கத்தில் வைக்கும் அட்டையை நானே டைப் அடித்திருந்தேன். கொல்லி ஹில்ஸ். எழுத்தெழுத்தாக, சரியாக.

லிம்மின் ஏரோப்ளேன் கண்ணாடி மாதிரி மின்னியது. ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு போட்டோ. ஷெட் துரை விசிலடித்துக்கொண்டே அதைப் பார்த்து முடித்து, என்னிடம் வந்தார். அட்டையைப் படித்தார். றெக்கைக்கு அடியில் குனிந்தார்.

"இந்தத் தையல்?"

"அங்கே கிழிந்து, அங்கேயே தைத்தது."

"சிலிண்டர் மேலே பார்க்கிறது. வாலின் சுக்கான் ஓரம் மடங்கியிருக்கிறது. எப்படித் தெரியும்?"

மாரப்பண்ணனைக் காட்டினேன். வேட்டி, தோளில் துண்டு, வாயில் வெற்றிலை. இவர் பார்த்தவர் என்றேன்.

துரை ஒரு கணம் யோசித்தார். பின்பு எங்கள் இருவரையும் ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மாத்துகள் மூக்கு மூடியைக் கழற்றிப்போட்ட நிலையில் நின்றன. முதலாவது பழசு, சிலிண்டர் மேலே. இரண்டாவது புதுசு, சிலிண்டர் கீழே. புதுசின் பக்கத்தில் அதன் சொந்தக்காரர், வெள்ளை உடுப்பும் சுருட்டுமாக ஒரு தோட்ட முதலாளி.

"உங்கள் மலையில் இறங்கியது இதில் எது என்று கேள். நீ எதுவும் சொல்லிக் கொடுக்காதே."

கேட்டேன். மாரப்பண்ணன் இரண்டையும் சுற்றினார். தட்டினார். சுருட்டுக்காரரை ஒருதரம் பார்த்தார். பின்பு புதுசைக் காட்டிச் சத்தமாகச் சொன்னார்.

"இதானுங்க! ராசா மாதிரி நிக்குது பாருங்க. சந்தேகமே இல்ல, இதேதான்!"

மொழிபெயர்க்க வேண்டியவன் நான். ஒரு வார்த்தையைத் திருப்பிப் போட்டால் போதும், ஷெட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் என்ன சொன்னாரோ அதையே இங்கிலீஷில் சொன்னேன். சுருட்டுக்காரர் மகிழ்ந்து போனார். ஷெட் துரையின் விசில் நின்றது.

"அப்படியானால் உன் மூக்கு தப்பு" என்றார்.

"ஒரு நிமிஷம். எங்கள் ஊரில் இப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. துண்டுக்குள் கேட்க வேண்டும்."

"எதற்குள்?"

விளக்கினேன். என் காதுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. துரை என்னையே பார்த்தார். "உன் கை வேண்டாம்" என்றார். தன் கறுப்புக் கையைத் தானே நீட்டினார். மாரப்பண்ணனுக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை. கை எந்த நிறமானால் என்ன, துண்டு ஒன்றுதான். மேலே போட்டு மூடினார்.

"முதல் வண்டின்னா ஒரு விரலு, ரெண்டாவதுன்னா ரெண்டு விரலுங்ணா" என்றேன்.

துரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பின்பு புருவம் மெல்ல ஏறியது. துண்டுக்கு வெளியே இருந்த இடதுகையால் ஒரு விரலை என்னிடம் காட்டினார்.

பழசு.

"வாலைப் பற்றிக் கேள்."

கேட்டேன். அடுத்த கணம் துரை "ஆவ்!" என்று கத்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே பெரிதாகச் சிரிக்க ஆரம்பித்தார். எந்தப் பக்கம் முறுக்கினார் என்று நான் கேட்கத் தேவையில்லை. இடப்பக்கம்தான் சாய்ந்தார்.

வெளியே வந்ததும் மாரப்பண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்ணா, உசிரே போயிருச்சு. எதுக்கு அப்படிச் சத்தமா மாத்திச் சொன்னீங்க?"

அவர் என்னைத்தான் விவரம் புரியாத ஆளைப்போலப் பார்த்தார்.

"மாட்டுக்காரன் பக்கத்துலயே நிக்கறான். அவன் மூஞ்சிக்கு முன்னாடி அவன் மாட்டை வுட்டுட்டு அடுத்த மாட்டை நல்லதும்பாங்களா? வாய்ல சொன்னது மரியாதி கண்ணு. துண்டுல சொன்னதுதான் மாடு."

8

கண்காட்சிக் கோப்பை லிம்முக்கு. நியாயம்தான், அவன் கட்டினது அவ்வளவு அழகு. கைகொடுத்துவிட்டு வந்தேன். என் ஏழரையின் றெக்கையை மடக்கிக்கொண்டிருக்கும்போது ஷெட் துரை பின்னால் வந்து நின்றார்.

"இந்த மூக்குக்குப் பின்னால் பழைய பசைத் தழும்பு தெரிகிறதே. முதலில் வேறு மூக்கு இருந்ததா?"

"இருந்தது. தப்பு என்று தெரிந்ததும் உடைத்தேன்."

"எப்போது?"

"இந்த மாசம்தான்."

தலையை ஆட்டினார். கோப்பை கண்ணுக்கு, ஷெட்டுக்கு மூக்கை உடைக்கிறவன்தான் வேண்டும், நாளைக்குக் காலையில் வா என்றார். துணி துவைப்பதிலிருந்துதான் ஆரம்பம், பி.ஏ.வாக இருந்தாலும்.

வருகிறேன் என்றேன். சம்பளத்தைப் பற்றி நான் வாயெடுக்குமுன், துரை கால்சட்டைப் பையிலிருந்து எண்ணெயும் கறுப்புமாய் ஒரு துணியை உருவினார். உதறினார். தன் வலதுகைமேல் போட்டுக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் என் முன்னால் நீட்டினார்.

உள்ளே கையை விட்டேன்.

இந்தப் பூசத்தோடு ஷெட்டில் ஒரு வருஷம். நகக்கண் கறுப்பு போவதே இல்லை, அக்கா தனிச் சோப்பு வைத்திருக்கிறாள். ஏழரை அடி இப்போது ஷெட் உத்தரத்தில் தொங்குகிறது. வெயில் சாயும்போது மேல் றெக்கையில் சரசுவின் நீலம் தெரியும். காளியண்ணா, வந்தால் காட்டுகிறேன். நீ பார்த்ததைவிட நன்றாகப் பார்க்கலாம்.

மச்சான் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்கிறது, முடிக்க வேண்டும். அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் சம்பளம் என்ன என்று கேட்கிறார், பெண் வீட்டார் கேட்கிறார்களாம். அவர்களிடம் சொல்லுங்கள், நல்ல சம்பளம், ராஜா சம்பளம். இது வாயால் சொல்வது. துரை பிடித்தது எத்தனை விரல் என்று தெரிய வேண்டுமானால் கப்பல் ஏறி வரட்டும். துண்டு என்னிடம் இருக்கிறது.